இரண்டு நந்தனார்களுக்கு நடுவே ஒரு மசோதா

கல்லூரி திறக்கும் மாதம் வந்துவிட்டால் எங்களுக்கு ஒரு வேலை கூடிவிடும்: வீடு தேடுவது. மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திண்டிவனம் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளில் விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்காக ஒவ்வொரு தெருவாக ஏறி இறங்குவோம்.

இந்த ஆண்டு அப்படித்தான் சேலையூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். முதலாண்டு சேர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள், கூட நாங்கள் இரண்டு பேர். மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றவர், தன்மையான மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம், மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டிப் பேசுகிறோம் என்றோம். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. 'பரியேறும் பெருமாள்' போட்டீர்களா என்று அவரே கேட்டார். அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தாராம். கடைசியில் வருகிற இரண்டு டீ கிளாசையும் நடுவில் இருக்கும் பூவையும் சொல்லும்போது உண்மையாகவே குரல் கம்மியது. "எப்படித்தான் மனுஷன மனுஷன் இப்படி நடத்துறாங்களோ" என்றார்.

பத்து நிமிடம் கழித்துப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "எந்த ஊரும்மா?" ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். "ஊருக்குள்ளயா, தள்ளியா?" அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "காலனி சார்."

"இங்க தண்ணிதான் கொஞ்சம் கஷ்டம்மா" என்றார் அவர். மறுநாள் போன் வந்தது. சொந்தக்காரப் பையன் ஒருவன் திடீரென்று வருகிறானாம், அறை அவனுக்காம்.

அவருடைய கண்ணீர் பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பொய்யாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. பொய்யனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அந்த மனிதர் உண்மையாக அழுதார், உண்மையாக அறையையும் மறுத்தார். இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நாற்காலியில், பதினைந்து நிமிட இடைவெளியில் நடந்தன. ஒன்று மற்றொன்றை உறுத்தவே இல்லை. இது எப்படி முடிகிறது என்பதுதான் நம் கேள்வி. இந்தக் கண்ணீருக்குத் தமிழ் சினிமாவில் தொண்ணூறு வயதாகிறது. அதைப் பழக்கிவிட்டவன் கதையின் பெயர் நந்தன்.

*

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தவர். பூசைக்குக் கோரோசனை கொடுத்தவர். அவர் கொடுத்தது எல்லாம் உள்ளே போனது. அவர் வெளியே நின்றார். கடைசியில் தில்லையில் தீ வளர்த்து அவரை அதில் இறக்குகிறார்கள். சடையும் மார்பில் பூணூலுமாக ஒரு முனிவர் வெளியே வருகிறார். அந்த முனிவருக்குக் கோயில் திறந்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதைக் கீர்த்தனையாக எழுதியபோது சேக்கிழாரிடம் இல்லாத ஒருவர் கதைக்குள் வந்தார்: நிலம் வைத்திருக்கும் வேதியர். தோலும் நரம்பும் கொடுத்த நந்தன், அவருடைய பண்ணையாள் ஆனான். சிதம்பரம் போய்வர அனுமதி கொடுங்கள் என்று ஆண்டையிடம் கெஞ்சுவதே கதையின் பெரும்பகுதி ஆனது. பண்ணையடிமைக் கொடுமையை அது ஊரறியச் சொன்னது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நந்தன் என்றால் கைகட்டி நிற்பவன் என்ற உருவம் பாட்டுக் கச்சேரி வழியாகவும் கதாகாலட்சேபம் வழியாகவும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததும் அப்போதுதான். சினிமா எடுத்துக்கொண்டதும் இந்த நந்தனைத்தான்.

1935இல் 'பக்த நந்தனார்' வந்தது. நந்தனாக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். அவருக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1942இல் ஜெமினி தயாரித்த 'நந்தனார்' வந்தது. இதில் நந்தன் எம்.எம்.தண்டபாணி தேசிகர். படம் ஓடியது, பாட்டு அதைவிட அதிகமாக ஓடியது. கோயிலுக்குள் நம்மைச் சேர்க்காத வீடுகளிலும் அந்தப் பாட்டு பாடப்பட்டது.

சமூகவியல் வகுப்பில் எம்.என்.சீனிவாஸ் சொன்ன 'சமஸ்கிருதமயமாதல்' என்ற கருத்தைப் படித்தபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தத் தீதான். கீழே இருக்கும் சாதி மேலே இருக்கும் சாதியின் பழக்கவழக்கங்களை எடுத்துக்கொண்டு மெல்ல மேலே நகர்கிறது என்பது பாடம். நாங்கள் பரீட்சையில் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் நந்தன் எங்கே நகர்ந்தான்? எரிந்தான். உள்ளே போனது பூணூல் போட்ட வேறொரு உருவம். அதற்காகத்தான் அரங்கம் அழுதது. எரிந்தவனுக்காக அழுதுவிட்டு, எழுந்தவனைக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். யாரிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை. எந்தக் கதவையும் யாரும் திறக்க வேண்டியிருக்கவில்லை.

*

இப்போது அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இருக்கும் ஏழு ஆண்டுகளுக்கு வருவோம். இதைத்தான் எந்த சினிமா வரலாற்றுப் பக்கத்திலும் நந்தனாருக்கு அருகில் வைத்து எழுத மாட்டார்கள்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் தினமும் பரங்கிமலையைத் தாண்டுகிறோம். அந்தப் பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர் எம்.சி.ராஜா. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1920இல் சென்னை சட்டமன்ற மேலவைக்குள் போனவர். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசுப் பதிவுகளிலிருந்து எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை 1922இல் கொண்டுவந்தவர். புனா ஒப்பந்தக் காலத்தில் அண்ணலோடு அவர் எதிர்ப்பக்கம் நின்றதை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம், அதை விமர்சித்தும் இருக்கிறோம். அந்த விமர்சனத்தோடு அவரைத் தூக்கிப் போட்டுவிட்டோம். 1938இல் அவர் என்ன செய்தார் என்பதைப் படிக்கவில்லை.

1938இல் அவர் சென்னை சட்டமன்றத்தில் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று, பொதுச் சாலை, கிணறு, போக்குவரத்து போன்றவற்றில் தீண்டாமை கூடாது என்பது. அது சட்டமானது. இன்னொன்று, கோயில் நுழைவுக்கான மசோதா. அப்போது பிரதமராக இருந்தவர் ராஜாஜி. ஹரிஜன சேவையைப் பற்றி அவர் கட்சி பேசாத மேடை இல்லை. ஆனால் அந்த மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்று ராஜாவிடம் கேட்டுக்கொண்டார். மெல்ல மெல்லச் செய்வோம், முதலில் மலபாரில் பார்ப்போம் என்றார். ராஜா மறுத்தார். வாக்கெடுப்புக்கு விட்டார். மசோதா தோற்கடிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் நம் மக்களை அழைத்துச் சென்றார். அதையொட்டி ஒரு சட்டம் வந்தது. அதன் தலைப்பிலேயே 'அனுமதி' என்ற சொல் இருந்தது. திறக்க விரும்பும் நிர்வாகத்துக்கு அது பாதுகாப்பு கொடுத்தது. மாகாணம் முழுவதும் நுழைவது நம் உரிமை என்று சொல்லும் சட்டத்துக்கு 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது வரிசைப்படுத்திப் பாருங்கள். 1935இல் நந்தன் வாசலில் நின்று பாடினான். ஊர் அழுதது. 1938இல் பரங்கிமலைக்காரர் ஒருவர் கோட் போட்டுக்கொண்டு சட்டமன்றத்தில் எழுந்து, பாட்டு இல்லாமல், கண்ணீர் இல்லாமல், கதவைத் திறக்கச் சட்டம் போடுங்கள் என்றார். தோற்கடித்தார்கள். 1942இல் நந்தன் மறுபடியும் வாசலில் நின்று பாடினான். ஊர் மறுபடியும் அழுதது.

கேட்பவனைத் தோற்கடித்துவிட்டுக் கெஞ்சுபவனுக்காக அழுவது. இதைத்தான் நாங்கள் தொண்ணூறு வயதுக் கண்ணீர் என்கிறோம். சேலையூர் வீட்டுக்காரருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர் அந்தப் படங்களைப் பார்த்திருக்கக்கூட மாட்டார். அது அவர் வளர்ந்த காற்றில் இருந்தது.

*

நந்தனை வேறு மாதிரி நினைவில் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் எழுதிய நந்தன் பண்ணையாள் அல்லன், பௌத்தனான அரசன். சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழின் காலத்திலேயே நமக்கு ஓர் எதிர் நினைவு இருந்தது. அது வரலாற்று உண்மையா என்று வகுப்பறையில் கேட்பார்கள். கேட்கட்டும். தீயிலிருந்து பூணூலோடு எழுவது வரலாற்று உண்மையா என்று யாராவது எப்போதாவது கேட்டார்களா?

பண்டிதர் சித்த மருத்துவரும்கூட. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் சீட்டு வாங்க அங்கே நீண்ட வரிசை நிற்கும். எங்கள் படிப்பகப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போய், இந்தப் பெயர் யாருடையது என்று வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டுவரச் சொன்னோம். சிலர் டாக்டர் என்றார்கள். சிலர் சாமியார் என்றார்கள். ஒருவர், வடக்கே இருக்கிற அயோத்தியா என்று திருப்பிக் கேட்டாராம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர்ப் பலகை இருக்கிறது, ஆள் இல்லை. நந்தனுக்குப் பெயர்ப் பலகை இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். எந்த நினைவைக் கதையாகவும் பாட்டாகவும் படமாகவும் சொல்லிக்கொண்டே இருந்தார்களோ அது நிலைத்தது.

*

"அதெல்லாம் பழைய கதை. இப்போது நம் இயக்குநர்கள் வந்துவிட்டார்கள், நம் கதையை நாமே எடுக்கிறோம், இன்னும் என்ன நந்தன்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பா.ரஞ்சித்தும் மாரி செல்வராஜும் வந்த பிறகு தமிழ்த் திரையில் நடந்த மாற்றத்தை நாங்கள் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டோம். சுவரில் அண்ணலின் படம் தெரியும் ஒரு காட்சிக்காகத் திரையரங்கில் எழுந்து நின்று கத்தியவர்கள் நாங்கள். எங்கள் அம்மாக்கள் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்த நூற்றுக்கணக்கான படங்களில் நம் தெரு ஒருமுறைகூட நம் தெருவாக வந்ததில்லை. வந்தால் சாராயம் காய்ச்சும் இடமாக வந்தது, இல்லையென்றால் கதாநாயகன் வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் இடமாக வந்தது.

எங்கள் சண்டை அந்தப் படங்களோடு இல்லை. அவற்றை வெளியிலிருந்து பாராட்டுகிறவர்கள் எதைப் பொறுக்கியெடுத்துப் பாராட்டுகிறார்கள் என்பதோடுதான்.

ஒரே ஆண்டில், 2018இல், மூன்றரை மாத இடைவெளியில் இரண்டு படங்கள் வந்தன. ஜூனில் 'காலா', செப்டம்பரில் 'பரியேறும் பெருமாள்'. இரண்டும் நமக்கு வேண்டிய படங்கள். பரியன் அடிவாங்கினான், அவமானப்பட்டான், கடைசியில் எதிரே இருப்பவரோடு பேசத் தயாராக நின்றான். படித்த, நடுத்தர, 'சாதி பார்க்காத' சென்னை அவனைத் தூக்கிக் கொண்டாடியது. எவ்வளவு நிதானம், எவ்வளவு பக்குவம் என்று எழுதியது. காலா நிலம் கேட்டான். அதே ஆட்கள் எங்களிடம் வந்து, "படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் பிரச்சாரமா இருக்கே" என்றார்கள். பரியனின் கோபத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. அவன் பட்ட அடியை மட்டும் பார்த்தார்கள். மாரி செல்வராஜ் எடுத்த படம் ஒன்று, அவர்கள் பார்த்த படம் இன்னொன்று. அவர்கள் பார்த்தது 1942இல் வந்த படம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'காலா'வுக்கான தாராவியின் பெரும்பகுதியைச் சென்னைக்கு வெளியே பூந்தமல்லிப் பக்கம் செட் போட்டுத்தான் எழுப்பினார்கள். சந்து, சாக்கடை, தகரக் கூரை, தண்ணீர்க் குடம் எல்லாம் தத்ரூபமாக. கலை இயக்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அதே ஆண்டுகளில்தான், 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி, கூவம், அடையாறு கரைகளில் இருந்த உண்மையான சந்துகளை இடித்து மக்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் அதற்கு முன்பே இறக்கியிருந்தார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில், வேலைக்குப் போன இடத்திலிருந்தும் பிள்ளைகள் படித்த பள்ளியிலிருந்தும் பல மைல் தள்ளி, அடுக்கடுக்காகக் கட்டிய பெட்டிகளில் இப்போது அவர்கள் வாழ்கிறார்கள். செட்டுக்கு டிக்கெட் வாங்கிக் கைதட்டிய நகரத்தில், இடிப்பதை நிறுத்து என்று நம்மோடு வந்து நின்றவர்கள் எத்தனை பேர்?

ஊரும் ஆண்டும் தெரியாத துயரம் என்றால் பொதுப்புத்திக்கு ரொம்ப வசதி. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை ஆடிய ஆட்டத்தின் நினைவிலிருந்து 'கர்ணன்' பிறந்தது. படத்தில் ஊர் பொடியன்குளம் ஆனது. 1997 என்று முதலில் போட்டிருந்தார்கள். எந்தக் கட்சி ஆட்சியில் நடந்தது என்று சண்டை வந்ததும் அது '1990களின் பிற்பகுதி' ஆனது. 'ஜெய் பீம்' படத்தின் மூலமான வழக்கில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர், படத்தில் அவர் இருளர் ஆனார். படம் எடுப்பவர்களுக்குச் சட்டச் சிக்கலும் தணிக்கைச் சிக்கலும் இருக்கும், நமக்குப் புரிகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். பார்ப்பவருக்கு அழ ஒரு முகம் கிடைக்கிறது. கேள்வி கேட்க வேண்டிய அலுவலகம், காவல்நிலையம், ஆண்டு, ஆட்சி எதுவும் அவர் மனதில் தங்குவதில்லை. நந்தனை எரித்த தீயை மூட்டியவர்கள் யார் என்று எப்படி யாருக்கும் தெரியாதோ, அப்படி.

*

வாசல் இன்னும் இருக்கிறது என்பதற்கு வேறு எங்கும் போக வேண்டாம், திரையரங்கு வாசலுக்கே போகலாம். 2023 மார்ச் 30, 'பத்து தல' வெளியான நாள். கோயம்பேட்டில் ஒரு பெரிய திரையரங்கு. நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட்டோடு வந்து நிற்கிறது. ஊழியர் உள்ளே விடவில்லை. அந்தச் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்து நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்து வெளியிட்டார். கூச்சல் கிளம்பியதும் உள்ளே விட்டார்கள். சிறு பிள்ளைகள் பார்க்கக் கூடாத சான்றிதழ் பெற்ற படம் என்று பிறகு விளக்கம் வந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அவர்கள் கெஞ்சவில்லை. டிக்கெட் வாங்கியிருந்தார்கள். காசு கொடுத்த உரிமை. எம்.சி.ராஜாவின் பக்கம் நின்றவர்கள் அவர்கள். அதனால்தான் அந்தக் கை அவர்களைத் தடுத்தது. உள்ளே திரையில் ஒரு நரிக்குறவர் அழுதிருந்தால் அதே அரங்கம் சேர்ந்து அழுதிருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

*

மற்றவர்களை இவ்வளவு சொன்ன பிறகு நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு படம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? வெள்ளிக்கிழமை பார்க்கிறோம், சனிக்கிழமை நாலு பக்கம் எழுதுகிறோம், ஞாயிற்றுக்கிழமை எதிராக எழுதியவனோடு சண்டை போடுகிறோம். அடுத்த படம் வரும் வரை அதே பேச்சு. நம் பண்பாட்டு அரசியல் மெல்ல மெல்ல விமர்சனம் எழுதும் அரசியலாகச் சுருங்கிவிட்டது. நம் வீட்டில் இருக்கிற நினைவை நாம் ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை.

இது எங்களுக்கு உறைத்தது ஒரு பெரியவரால். சென்ற ஆண்டு படிப்பகத்தில் 1942 'நந்தனார்' படத்தின் சில பகுதிகளைப் போட்டோம். நந்தனின் கதை சேக்கிழாரிடம் எப்படி இருந்தது, பிறகு எப்படி மாறியது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுதான் திட்டம். பேரனைக் கூட்டிப்போக வந்த தாத்தா ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசி முடித்ததும் கேட்டார்: "தோல் குடுத்தவன்னு சொல்றீங்க, படத்துல ஒரு தோலக்கூட காணோமே?"

எங்களிடம் பதில் இல்லை. அவரே பேச ஆரம்பித்தார். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். அங்கிருந்து நாகல்கேணி, பம்மல், பல்லாவரம் வரை எத்தனையோ தோல் கம்பெனிகள். அவற்றில் ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை இழுத்துப் போட்டு மயிர் சுரண்டியதைச் சொன்னார். கையும் காலும் புண்ணாகி ஆறாமல் கிடந்ததைச் சொன்னார். சாயங்காலம் மின்சார ரயிலில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய் நின்றுகொள்வாராம். "உக்கார எடம் கெடச்சிடும், அத ஒரு லாபம்னு வச்சிக்குவோம்" என்று சிரித்தார். பிறகு, சங்கம் வைத்துக் கையுறை கேட்டதை, கேட்டவர்களை வேலையைவிட்டு நிறுத்தியதை, ஒன்றரை மாதம் கம்பெனி வாசலில் உட்கார்ந்ததை, கடைசியில் கையுறை வந்ததைச் சொன்னார். பேரன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அவன் தாத்தா வாசலில் உட்கார்ந்து கேட்டு வாங்கியவர் என்பது அவனுக்கு அன்றுதான் தெரியும். அவனுக்குப் பரியனின் கதை முழுவதும் தெரியும், கர்ணனின் வசனமெல்லாம் மனப்பாடம்.

அன்று எங்களுக்குப் புரிந்தது இதுதான். நந்தனிடமிருந்து முதலில் பறித்தது அவன் தொழிலை. அவன் கை செய்ததைப் பறித்தால்தான் அவனை வெறும் பக்தனாகவும் பாவமாகவும் காட்ட முடியும். தோல் இல்லையென்றால் பேரிகை இல்லை, பேரிகை இல்லையென்றால் பூசை இல்லை என்று தெரிந்தவன் வாசலில் நின்று கெஞ்ச மாட்டான். கணக்கு கேட்பான். அந்தத் தாத்தா கேட்டது போல.

*

ஆகவே மாணவத் தோழர்களிடம் சில காரியங்களைக் கேட்கிறோம்.

படம் பாருங்கள், கொண்டாடுங்கள், எழுதுங்கள். ஆனால் ஒரு படத்துக்கு விமர்சனம் எழுதினால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்யுங்கள். கையில் போன் இருக்கிறது, அது போதும். எங்கே வேலை செய்தார்கள், என்ன கூலி, யார் அடித்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். எதைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், கிடைத்ததா என்று கேளுங்கள். திரிசூலம், பல்லாவரம் கல்குவாரியில் உடைத்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு கூவம் கரையில் இருந்த தன் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டிருக்கும் ஆயாக்கள் இருக்கிறார்கள். ஊரையும் ஆண்டையும் பெயரையும் அப்படியே எழுதுங்கள். நமக்குத் தணிக்கை வாரியம் இல்லை.

அந்தப் பதிவுகளை நாடகமாக்குங்கள். ஒரு மொட்டை மாடியும் ஒரு பறையும் போதும். பார்ப்பவர்கள் அழுதால் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாடகம் முடிந்ததும் ஒரு கோரிக்கை மனுவை நீட்டுங்கள், எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பாருங்கள். அதுதான் விமர்சனம்.

நம் படத்தைப் பார்த்துக் கண் கலங்கியதாக யாராவது உங்களிடம் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் வீட்டு மாடி காலியாக இருக்கிறதா? உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா? உங்கள் தெருக் கோயில் விழாக் குழுவில் எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு இடம் உண்டா? முகம் மாறும். மாறட்டும். ராஜா மசோதாவைத் திரும்பப் பெற மறுத்தபோது அந்தச் சபையிலும் பல முகங்கள் மாறியிருக்கும்.

சேலையூர் வீட்டுக்காரரிடம் நாங்கள் அன்று இதைக் கேட்கவில்லை. போனில், "சரிங்க சார், பரவாயில்ல" என்று சொல்லி வைத்துவிட்டோம். நாங்களும் நந்தனைப் போலத்தான் நடந்துகொண்டோம். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது, வாடகை அவள் அப்பாவின் சம்பளத்தில் பாதி. இன்னொருத்தி, "காலனி சார்" என்று சொன்னவள், இன்றும் விடிகாலை ரயிலில் ஊரிலிருந்து வந்து போகிறாள். அந்த அறைக்கு "வாடகைக்கு" என்று எழுதிய அட்டை கேட்டில் அப்படியே தொங்குகிறது. சொந்தக்காரப் பையன் வரவில்லை போலிருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போகிறோம். அவளும் வருகிறாள். இந்த முறை படத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை.